உலாவிப் போர் (பகுதி 7): உடைந்த கொம்பு

சென்ற வாரம் நெட்ஸ்கேப் சரிந்த கதையைப் பார்த்தோம். 1994 டிசம்பரில் முதல் பதிப்பு வெளியாகி, ஓரிரு ஆண்டுகளிலேயே உலக இணையத்தின் வாசலாக நின்ற பிரவுசர் அது. 1995 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை இறக்கியது. பிறகு அதை விண்டோஸோடு சேர்த்து இலவசமாகவே கொடுத்தது. 1998 மார்ச் 31 அன்று நெட்ஸ்கேப் தன் மூல நிரலை ஊருக்கே திறந்துவிட்டது. மே மாதம் அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்ட் மீது வழக்குத் தொடுத்தது. நவம்பரில், நெட்ஸ்கேப்பை வாங்கப்போவதாக ஏஓஎல் நிறுவனம் அறிவித்தது.

அந்தச் சண்டையில் வேகம், விலை, வியாபார ஒப்பந்தம், நீதிமன்றத் தீர்ப்பு எல்லாம் இருந்தன. தமிழ் வாசகருக்கு அவை எல்லாம் இரண்டாம் பட்சம். அவருக்கு இருந்த கேள்வி ஒன்றே ஒன்று.

எந்தப் பிரவுசரில் தமிழ் தெரியும்?

இந்த வாரக் கதை அந்தக் கேள்வியின் கதை.

மேட்டூரில் எத்தனை அடி?

2002 ஜூன் 12. பாசனத்துக்காக மேட்டூர் அணையைத் திறக்க வேண்டிய நாள். அணையில் போதிய தண்ணீர் இல்லை, திறக்கவில்லை. மறு ஆண்டும் அதே நிலை. காவிரி டெல்டாவில் குறுவைப் பயிர் போயிற்று. சம்பாவாவது தேறுமா என்று ஊரே வானத்தையும் கர்நாடகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த நாட்களில் சுவாமிமலைக் கடைத்தெருவிலோ கும்பகோணம் பஸ் ஸ்டாண்டிலோ இருவர் சந்தித்தால் நலம் விசாரிப்பதற்கு முன்பே வரும் கேள்வி, "மேட்டூர்ல எத்தனை அடி?" என்பதுதான். முழுக் கொள்ளளவு 120 அடி. அதிலிருந்து எவ்வளவு குறைவு என்பதில் ஒரு வீட்டின் கல்யாணம், கடன், பிள்ளையின் படிப்பு எல்லாம் அடங்கியிருந்தது.

ஊரில் இருப்பவருக்குப் பதில் காலைப் பத்திரிகையில் கிடைத்துவிடும். வெளிநாட்டில் இருப்பவர் என்ன செய்வார்?

சுவாமிமலையைச் சுற்றியுள்ள அய்யம்பேட்டை, பண்டாரவாடை, இராஜகிரி போன்ற ஊர்களிலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போனவர்கள் ஏராளம். ஊரில் நிலம், வெளிநாட்டில் வேலை. அவர்களுக்குத் தமிழ்ப் பத்திரிகைகளின் இணையதளங்களே அன்றைய காலைப் பத்திரிகை. அலுவலகக் கம்ப்யூட்டரில் மதிய இடைவேளையில் அந்தப் பக்கத்தைத் திறப்பார்கள்.

திறந்தால் தமிழ் வர வேண்டும். பல நேரம் வந்தது வேறு. ஐரோப்பிய மொழிகளின் குறி போட்ட எழுத்துகளும், பவுண்டுச் சின்னமும், கேள்விக்குறிகளும் வரிவரியாக நிற்கும். அதற்குள் எங்கோ மேட்டூர் இருக்கிறது, நீர்மட்டமும் இருக்கிறது. படிக்கத்தான் முடியாது.

ஏன் இப்படி?

ஆளுக்கொரு வார்ப்பு

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து வைத்துக்கொள்ளும். ஆங்கிலத்துக்கு இந்த எண் வரிசையை எல்லோரும் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டார்கள். தமிழுக்கு அந்த ஒப்பந்தம் வர வெகுகாலம் ஆனது.

தொண்ணூறுகளில் தமிழ் எழுத்துரு செய்த ஒவ்வொருவரும், ஆங்கிலத்துக்கும் ஐரோப்பிய மொழிகளுக்கும் ஒதுக்கிய இடங்களிலேயே தமிழைக் குடிவைத்தார்கள். ஒருவர் 'அ' வைத்த எண்ணில் இன்னொருவர் 'ணை' வைத்தார். ஒவ்வொரு நாளிதழுக்கும் வார இதழுக்கும் தனி எழுத்துரு, தனி எண் வரிசை.

சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மெழுகில் செய்த உருவத்தின் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். அந்த மண் அச்சு அந்த ஒரு சிலைக்கு மட்டுமே ஆகும். அன்றைய தமிழ் இணையதளங்களும் அப்படித்தான் இருந்தன. ஒரு பத்திரிகையின் எழுத்துரு அந்தப் பத்திரிகைக்கு மட்டுமே ஆகும். அடுத்த பத்திரிகையைப் படிக்க அடுத்த எழுத்துருவை இறக்கி, கம்ப்யூட்டரில் நிறுவ வேண்டும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முயன்றவர்கள் பலர். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, மலேசியாவில் முரசு அஞ்சல் மென்பொருளைத் தந்த முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்தில் இருந்துகொண்டு மதுரைத் திட்டம் என்ற மின்னூல் தொகுப்பை நடத்திய கு. கல்யாணசுந்தரம் ஆகியோர் அந்தத் தலைமுறையின் முன்னோடிகள். 1999 பிப்ரவரியில் தமிழக அரசு சென்னையில் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டியது. அதன் பயனாக டாம், டாப் என்ற இரண்டு குறிமுறைகளும் தமிழ்99 விசைப்பலகையும் அரசின் தரமாக அறிவிக்கப்பட்டன. வெளிநாட்டுத் தமிழர்களிடையே டிஸ்கி என்ற இன்னொரு குறிமுறையும் வேரூன்றியது.

தரம் ஒன்றாக வேண்டிய இடத்தில் மூன்றாக நின்றது. பத்திரிகைகளோ பெரும்பாலும் தத்தம் பழைய வழியிலேயே போய்க்கொண்டிருந்தன.

இந்த இடத்தில்தான் பிரவுசர்கள் கதைக்குள் நுழைகின்றன.

ஒரு தமிழுக்கு இரண்டு வழி

வாசகர் எழுத்துருவை நிறுவத் தேவையில்லாமல், பக்கத்தோடு சேர்த்தே எழுத்துருவையும் அனுப்பிவிட்டால்?

1997இல் இந்த யோசனை இரண்டு போட்டியாளர்களிடமும் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு வெளியான நெட்ஸ்கேப் கம்யூனிகேட்டர் 4 பதிப்பு, பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் ட்ரூடாக் என்ற தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தியது. எழுத்துகளின் வடிவத்தை மட்டும் பதிவுசெய்து சிறிய கோப்பாக அனுப்பும் முறை அது. அதே ஆண்டு வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 பதிப்பு வேறொரு முறையைக் கொண்டுவந்தது. எழுத்துருவையே சுருக்கி, குறிப்பிட்ட இணையதளத்தில் மட்டும் வேலை செய்யும்படி கட்டி அனுப்பும் முறை. அந்தக் கோப்புக்கு இஓடி என்று பெயர்.

தமிழ் இணையத்தில் இவை இரண்டுக்கும் கிடைத்த பெயர் 'டைனமிக் ஃபாண்ட்'. இணையதளங்கள் இதைப் பெருமையோடு முதல் பக்கத்தில் அறிவித்தன. எழுத்துரு இறக்க வேண்டாம், நேரே படிக்கலாம்!

ஆங்கிலம் படிப்பவருக்கு இந்த வசதி ஓர் அலங்காரம். எழுத்து கொஞ்சம் அழகாகத் தெரியும், அவ்வளவுதான். வசதி இல்லாவிட்டாலும் செய்தி படிக்கலாம். தமிழருக்கோ இது வாழ்வா சாவா என்ற விஷயம். எழுத்துரு வந்தால் பக்கம் உண்டு. வராவிட்டால் பக்கமே இல்லை.

அமெரிக்க நிறுவனங்கள் ஓரமாகச் சேர்த்த ஒரு சிறு வசதி தமிழ் இணையத்தின் அஸ்திவாரமாக ஆனது. அந்த அஸ்திவாரத்தைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை.

மூன்றே ஆண்டுகளில் ஒருவர் பிடுங்கினார்.

2000 நவம்பர்

நெட்ஸ்கேப் 6 வெளியானது. பழைய நிரலைத் தள்ளிவிட்டு முற்றிலும் புதிதாக எழுதப்பட்ட பிரவுசர். இணையத் தரங்களை மதிப்பதில் முந்தைய பதிப்பைவிடப் பல மடங்கு மேல் என்று தொழில்நுட்பர்கள் பாராட்டினார்கள்.

அந்தப் புதிய வீட்டில் ட்ரூடாக்குக்கு இடமில்லை.

உலகம் இதைக் கவனிக்கவில்லை. ஆங்கிலத்தில் வாழ்ந்தவர்களுக்கு அதில் இழப்பும் இல்லை. நெட்ஸ்கேப்பை நம்பித் தமிழ்ப் பக்கங்களைத் திறந்தவர்கள், புதிய பதிப்புக்கு மாறிய அன்று திரையில் மீண்டும் அந்தப் பவுண்டுச் சின்னங்களையும் கேள்விக்குறிகளையும் கண்டார்கள்.

இணையதளம் நடத்துபவர் என்ன செய்வார்? இரண்டு வகைக் கோப்புகளைப் பராமரிப்பது அவருக்கு இரட்டை வேலை. ஒன்று செத்துவிட்டது, மற்றொன்று விண்டோஸோடு எல்லா வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் போய்க்கொண்டிருக்கிறது. அவர் இஓடியை மட்டும் வைத்துக்கொண்டார். முதல் பக்கத்தில் ஒரு வரி சேர்ந்தது: 'இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் பார்க்கவும்.'

2001 ஆகஸ்டில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 வந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் உலகில் இணையம் பார்த்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் மைக்ரோசாஃப்டின் பிரவுசரில்தான் பார்த்தார்கள். அதற்கு முதல் காரணம் எங்கும் ஒன்றுதான்: வாங்கிய கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்தது. தமிழ் வாசகருக்கு இரண்டாவது காரணம் ஒன்றும் இருந்தது. வேறு எதிலும் தமிழ் வரவில்லை.

இதை விருப்பம் என்று கணக்கெடுப்பவர்கள் எழுதிக்கொள்ளலாம். மாற்று வழியே இல்லாத இடத்தில் நடப்பதற்குப் பெயர் விருப்பம் என்று நான் ஏற்க மாட்டேன். எழுத்தை ஒரு நிறுவனத்தின் கோப்புக்குள் அடைத்துவிட்டால், அந்த எழுத்தைப் படிப்பவரும் அதற்குள்ளேயே அடைபடுகிறார். தமிழ் இணையத்தின் முதல் பத்தாண்டு கற்றுத்தந்த பாடம் இதுதான்.

அதிராம்பட்டினத்துக்காரர்

வெளியேறும் வழி நெடுநாளாகவே இருந்தது. அதன் பெயர் யூனிகோடு, தமிழில் ஒருங்குறி.

உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே எண் வரிசை என்பது அதன் அடிப்படை. 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஒதுக்கிய முறை பற்றித் தமிழறிஞர்களிடையே கடும் விவாதம் இருந்தது. பல ஆண்டுகள் தொடர்ந்தது. விண்டோஸ் 2000, அடுத்து எக்ஸ்பி ஆகியவற்றில் லதா என்ற ஒருங்குறி எழுத்துரு வந்த பிறகு வழி திறந்தது. 2003 முதல் தமிழில் வலைப்பதிவு எழுதத் தொடங்கியவர்கள் பலரும் ஒருங்குறியைப் பிடித்துக்கொண்டார்கள். 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம், அந்தப் பதிவுகளை ஓரிடத்தில் திரட்டியது.

ஆனால் டெல்டாவின் பிரவுசிங் சென்டர்களில் அப்போது ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்களில் பல விண்டோஸ் 98. அதில் தமிழ் எழுத்துரு கிடையாது. எக்ஸ்பி இருந்த இடத்திலும் லதா தானாக வந்து உட்காராது. தனியாக நிறுவ வேண்டும். ஒருங்குறியில் எழுதிய பக்கத்தைத் திறந்தால் வரிசையாகக் கட்டம் கட்டமாக நிற்கும்.

இதற்கு விடை கண்டவர்களில் ஒருவர் தஞ்சை மாவட்டத்துக்காரர். காவிரி டெல்டா முடிந்து கடல் தொடங்கும் அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர்தம்பி. துபாயில் பணியாற்றியவர். தேனீ என்ற பெயரில் ஒருங்குறி எழுத்துருவை உருவாக்கி, அதை டைனமிக் ஃபாண்டாகவும் செய்து, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாகக் கொடுத்தார்.

இதன் பெருமையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அதுவரை டைனமிக் ஃபாண்ட் என்பது ஒவ்வொரு பத்திரிகையும் தன் வாசகரைத் தன் எண் வரிசைக்குள் வைத்துக்கொண்ட கருவி. உமர்தம்பி அதே கருவியை எல்லோருக்கும் பொதுவான எண் வரிசைக்குத் திருப்பினார். பதிவு எழுதுபவர் தன் பக்கத்தில் தேனீயைச் சேர்த்துவிட்டால், கும்பகோணத்துப் பிரவுசிங் சென்டரின் பழைய கம்ப்யூட்டரிலும் தமிழ் தெரியும்.

ஒரே ஒரு நிபந்தனை. இஓடி என்பதால், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும்.

உமர்தம்பி 2006 ஜூலையில் காலமானார். அவருக்கு அப்போது 53 வயது. 2010இல் கோவையில் செம்மொழி மாநாட்டோடு நடந்த தமிழ் இணைய மாநாட்டில் ஓர் அரங்குக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

"அதுலதான் தமிழ் வரும்"

இதற்குள் நெட்ஸ்கேப் திறந்துவிட்ட மூல நிரலிலிருந்து ஒரு புதிய போட்டியாளர் வளர்ந்திருந்தார். 2004 நவம்பர் 9 அன்று ஃபயர்பாக்ஸ் 1.0 வெளியானது.

அது வந்த நேரம் முக்கியம். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. பெரிய மாற்றம் ஏதும் இல்லை. கேட்காமலேயே குதித்து வரும் விளம்பர ஜன்னல்களும், பிரவுசர் வழியாக நுழையும் வேவு நிரல்களும் ஊர் ஊராகக் கம்ப்யூட்டர்களைப் படுக்கவைத்தன. 2004 ஜூனில் அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பே, வேறு பிரவுசருக்கு மாறுவதும் ஒரு வழி என்று சொல்லும் அளவுக்கு நிலைமை போனது.

ஃபயர்பாக்ஸ் விளம்பர ஜன்னல்களைத் தடுத்தது. ஒரே ஜன்னலுக்குள் பல பக்கங்களைத் தாவல்களாகத் திறக்கவிட்டது. மாதத்துக்கு ஒருமுறை வைரஸுக்காகக் கம்ப்யூட்டரை அழித்து மறுபடி ஏற்றிக்கொண்டிருந்த பிரவுசிங் சென்டர்காரர்களுக்கு இது பெரிய நிம்மதி. நரி படம் போட்ட அந்த ஐகானை அவர்களே டெஸ்க்டாப்பில் கொண்டுவந்து வைத்தார்கள்.

அன்றைய சென்டரை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பிளைவுட் தடுப்புகள், பெயரும் நேரமும் எழுதும் நோட்டு, கரண்ட் போனால் கீச்சிடும் யுபிஎஸ். பிளஸ் டூ ரிசல்ட் வரும் காலையில் வாசல்வரை கூட்டம். மற்ற நாட்களில் வேலைக்கு விண்ணப்பம் போடுபவர்கள், வெளிநாட்டிலிருந்து வந்த மெயிலைப் பார்க்க வருபவர்கள். தமிழ்ப் பதிவு ஒன்றைத் திறந்து பார்த்த ஒருவர் தடுப்புக்கு மேல் எட்டிப் பார்த்துக் கேட்கிறார்.

"தம்பி, எழுத்தெல்லாம் பிச்சுப் பிச்சு வருதேப்பா?"

"அண்ணே, நரிய மூடிட்டு அந்த நீல 'ஈ'ய அழுத்துங்க. அதுலதான் தமிழ் வரும்."

இப்படிப்பட்ட பதிலைக் கேட்காத சென்டர் அன்று குறைவு. வேகத்திலும் பாதுகாப்பிலும் முந்திய பிரவுசர், தமிழ் என்று வந்ததும் தோற்று நின்றது.

ஏன் தோற்றது என்பதை மிக அருகில் போய்ப் பார்ப்போம்.

கோ எப்படி உடைந்தது?

'கும்பகோணம்' என்று எழுதுகிறோம். நடுவில் உள்ள 'கோ'வை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

காகிதத்தில் முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். மூன்று துண்டு. ஒருங்குறியில் அது இரண்டே எண். முதலில் க, அடுத்து ஓகாரக் குறி. நாம் உச்சரிக்கும் வரிசையில் சேமிக்கிறது, எழுதும் வரிசையில் அல்ல.

ஆகவே திரையில் காட்டும்போது யாராவது ஒருவர் அந்த ஓகாரக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பைக் க-வுக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். 'சுவாமிமலை'யின் கடைசி எழுத்திலும் இதே வேலை உண்டு. ல-வுக்குப் பின்னால் சேமித்த ஐகாரக் குறியை, ல-வுக்கு முன்னால் இணைக்கொம்பாக நகர்த்த வேண்டும். முதலெழுத்திலோ ச-வையும் உகரக் குறியையும் சேர்த்து 'சு' என்ற ஒரே வடிவமாக்க வேண்டும்.

விண்டோஸில் இந்த வேலையைச் செய்யும் பகுதிக்கு யுனிஸ்கிரைப் என்று பெயர். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் அதை நேரடியாக அழைத்து வேலை வாங்கியது. விண்டோஸ் 98இல்கூட அந்தப் பகுதியைத் தன்னோடு எடுத்து வந்தது. அன்றைய ஃபயர்பாக்ஸ் அப்படிச் செய்யவில்லை. எழுத்தை விண்டோஸிடம் கொடுத்துவிட்டு, நீயே வரைந்துகொள் என்று விட்டுவிட்டது. எக்ஸ்பியில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான வசதி முடுக்கப்பட்டிருந்தால் தமிழ் சரியாக வரும். முடுக்கப்படாவிட்டால், கொம்பு இடம் மாறாது.

அப்போது கும்பகோணத்தின் க-வுக்குப் பின்னால் கொம்பும் காலும் ஒரு புள்ளி வட்டத்தைச் சுற்றித் தனியே நிற்கும். சுவாமிமலையின் இணைக்கொம்பு ல-வைத் தாண்டி வெளியே கிடக்கும். மேட்டூரின் 'மே' உடையும், 'டூ' இரண்டாகும்.

அந்த வசதியை முடுக்குவது எப்படி? கன்ட்ரோல் பேனலில் 'ரீஜனல் அண்ட் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்' பகுதிக்குப் போய், மொழிகள் தாவலில் ஒரு சிறு கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். அடித்தவுடன் விண்டோஸ் சிடியைப் போடச் சொல்லும். போட்டால் கோப்புகளை ஏற்றிக்கொண்டு, கம்ப்யூட்டரை மறுபடி தொடங்கச் சொல்லும். வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

சிடி இருந்தால்.

கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து கொடுத்தவரே எக்ஸ்பியையும் ஏற்றிவிட்டுப் போன ஊர்களில் அந்தச் சிடி யாரிடம் இருந்தது? ஒரு மொழியின் எழுத்து திரையில் முழுதாகத் தெரிவதற்கு, கையில் இல்லாத ஒரு வட்டத்தட்டு தேவைப்பட்டது. அந்தக் கட்டத்தில் முதலிலேயே டிக் இருந்திருந்தால் தமிழ் இணையம் சில ஆண்டுகள் முன்னதாகவே ஊர்ப்புறத்துக்கு வந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

டிக் அடித்தவர்களுக்கும் ஒரு தொல்லை மிச்சம் இருந்தது. பத்திரிகைபோல இரு ஓரமும் சீராக இருக்கட்டும் என்று பதிவர்கள் பத்திகளை 'ஜஸ்டிஃபை' செய்வார்கள். அப்படிச் செய்த பத்தியில் ஃபயர்பாக்ஸ் ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியே இடைவெளி விட்டுப் பரப்பும். சேர வேண்டிய எழுத்துகள் சேராமல் உடையும். "தயவுசெய்து ஜஸ்டிஃபை செய்யாதீர்கள்" என்பது பதிவர்களுக்கு வாசகர்கள் திரும்பத் திரும்ப வைத்த வேண்டுகோள்.

திறந்த கதவால் வந்தவர்கள்

கதை இங்கே முடிந்திருந்தால் ஃபயர்பாக்ஸைத் தமிழர் மறந்திருப்பார்கள். முடியவில்லை. காரணம், அதன் நிரல் திறந்திருந்தது. குறையைக் கண்டவர் புகார் எழுதலாம். முடிந்தால் தானே கைவைத்துத் திருத்தலாம்.

முகுந்த் முன்னின்று நடத்திய 'தமிழா!' குழுவின் தன்னார்வலர்கள் அந்தப் பிரவுசரின் பட்டியல்களையும் பொத்தான்களையும் தமிழாக்கினார்கள். 2005 ஏப்ரல் 15 அன்று சென்னையில் மத்திய அரசு தமிழ் மென்பொருள்கள் அடங்கிய இலவசச் சிடியை வெளியிட்டது. தயாநிதி மாறன் தொலைத்தொடர்பு, தகவல் தொழில்நுட்ப அமைச்சராக இருந்த நேரம். சி-டாக் நிறுவனம் தயாரித்த அந்தச் சிடியில் எழுத்துருக்களோடு தமிழ் ஃபயர்பாக்ஸும் இருந்தது.

இன்னொரு உதவி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. தெலுங்கு வாசகர்களுக்காக நாகார்ஜுன வென்னா எழுதிய பத்மா என்ற இணைப்பு நிரல், ஃபயர்பாக்ஸுக்குள் அமர்ந்துகொண்டு, பத்திரிகைகளின் தனி எண் வரிசையைப் படிக்கும்போதே ஒருங்குறியாக மாற்றிக் காட்டியது. அது விரைவில் தமிழுக்கும் விரிந்தது. 'இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும்' என்று எழுதிய பக்கங்கள், மைக்ரோசாஃப்டின் அனுமதி இல்லாமலேயே எதிராளியின் பிரவுசரில் திறந்தன.

தெலுங்கருக்காகப் பிறந்த ஒன்று தமிழருக்கும் உதவியதில் ஆச்சரியம் இல்லை. இந்திய மொழிகள் அனைத்துக்கும் அன்று இருந்த துன்பம் ஒன்றே.

பிறகு அந்த நாள் வந்தது. 2008 ஜூன் 17. ஃபயர்பாக்ஸ் 3 வெளியானது. 24 மணி நேரத்தில் 80 லட்சம் முறைக்கும் மேல் இறக்கப்பட்டது; அது கின்னஸ் சாதனையாகப் பதிவானது. உலகப் பத்திரிகைகள் வேகத்தைப் பற்றியும் புதிய முகவரிப் பட்டையைப் பற்றியும் எழுதின.

தமிழ்ப் பதிவுலகம் கவனித்தது வேறொன்றை. எழுத்தை வரையும் பகுதி அடியோடு புதிதாக எழுதப்பட்டிருந்தது. யுனிஸ்கிரைப்பை அது நேரடியாகவே அழைத்தது. ஜஸ்டிஃபை செய்த பத்தியில் கொம்பு உடையவில்லை. எழுத்துரு மட்டும் இருந்தால் போதும். அந்தக் கட்டமும் அந்தச் சிடியும் இல்லாமலேயே 'கோ' முழுதாக நின்றது.

தமிழ் வாசகருக்கு முதன்முறையாக உண்மையான தேர்வு கிடைத்தது அன்றுதான். இரண்டு பிரவுசரிலும் தமிழ் ஒன்றுபோலத் தெரிந்த பிறகே வேகம், பாதுகாப்பு, வசதி ஆகியவற்றை ஒப்பிட அவருக்கு நேரம் வந்தது. ஒப்பிட்டார், நரியின் பக்கம் நகர்ந்தவர்கள் பலர். அந்த நகர்வைத்தான் விருப்பம் என்று சொல்ல வேண்டும்.

2010 ஜூனில் தமிழக அரசு ஒருங்குறியைத் தன் அதிகாரபூர்வத் தரங்களுள் ஒன்றாக அறிவித்தது. அதற்கு முன்பே பதிவர்களும் வாசகர்களும் தீர்ப்பு எழுதிவிட்டிருந்தார்கள்.

மூன்றாவது ஆள்

வெற்றியைக் கொண்டாட அவகாசம் கிடைக்கவில்லை. ஃபயர்பாக்ஸ் 3 வந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், 2008 செப்டம்பர் 2 அன்று கூகுள் தன் குரோம் பிரவுசரை வெளியிட்டது. அந்தப் பணியை முன்னின்று நடத்தியவர் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை.

போர் மறுபடி தொடங்கியது. ஆனால் களமே காலடியில் நகர்ந்துகொண்டிருந்ததை மூவரில் எவரும் முழுதாக உணரவில்லை.

அந்த ஆண்டு இந்தியாவில் செல்போன் இணைப்புகள் 30 கோடியைத் தாண்டின. பிராட்பேண்ட் இணைப்புகளோ 50 லட்சத்தைத்தான் ஒட்டியிருந்தன. சுவாமிமலையில் கம்ப்யூட்டர் இல்லாத வீடுகளிலும் செல்போன் ஒலிக்கத் தொடங்கிவிட்டது. மேட்டூரில் எத்தனை அடி என்று கேட்கும் விவசாயி, சென்டருக்குப் போகாமல் வரப்பில் நின்றபடியே அதைப் பார்க்கலாம் என்ற காலம் நெருங்கியது.

பார்க்கலாமா?

அன்றைய பட்டன் போன்களில் விண்டோஸ் இல்லை, யுனிஸ்கிரைப் இல்லை. பலவற்றில் தமிழ் எழுத்துருவே இல்லை. டிக் அடிக்கக் கட்டம் இல்லை. போடச் சிடி இல்லை. கட்டைவிரல் அகலத் திரையும், நத்தை வேகத்து இணைப்பும், ஒவ்வொரு கேபிக்கும் கரையும் ரீசார்ஜ் பணமும்தான் இருந்தன. பத்து ஆண்டுப் போராட்டத்தில் கம்ப்யூட்டரில் ஒட்டவைத்த கொம்பு, போனில் மறுபடி உடைந்தது. கட்டங்கள் மறுபடி வந்தன.

இந்தப் போரில் அதுவரை ஓரத்தில் நின்றிருந்த ஒரு நார்வே நிறுவனத்திடம் விடை இருந்தது. தமிழ் எழுத்துருவே இல்லாத போனில் தமிழை வரவைத்தது அது. அதற்கு அந்த நிறுவனம் வாசகரிடமிருந்து வாங்கிக்கொண்டது என்ன? அவர் படிக்கும் ஒவ்வொரு பக்கமும் யாருடைய சர்வர் வழியாகப் போய்த் திரும்பியது? தமிழ் தெரிகிறது என்ற ஒரே காரணத்துக்காக நாம் எதையெல்லாம் கேட்காமல் விட்டோம்?

*(போர் தொடரும்)*